சொல் வேறு, பொருள் வேறு: ஜெனரல் செமான்டிக்ஸ் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொழியும் சிந்தனையும் பற்றிப் பேசுவதற்காக நாங்கள் சிலர் வாரம் ஒருமுறை கூடுகிறோம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எழுதிவைத்தால் அவர்களுக்கும் உதவும், வர முடியாதவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள். பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

ஜெனரல் செமான்டிக்ஸ்னா என்ன? சுருக்கமா சொல்லுங்க.

ஒரு மனிதரையோ நிகழ்ச்சியையோ பார்த்ததும் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுகிறோம். அப்புறம் அந்தப் பெயரைப் பார்த்தே கோபப்படுகிறோம், பயப்படுகிறோம், முடிவெடுக்கிறோம். எதிரில் இருப்பதைப் பார்த்துத்தான் நடந்துகொள்கிறோம் என்ற நினைப்பு மட்டும் மாறுவதில்லை. இந்தக் குழப்பம் எங்கே நுழைகிறது என்று கவனிக்கவும், அதைக் குறைத்துக்கொள்ளவும் பழக்குகிற முறைதான் ஜெனரல் செமான்டிக்ஸ். தமிழில் பொதுச் சொற்பொருளியல் எனலாம்.

அப்போ இது மொழியியலோட ஒரு பிரிவா?

இல்லை, பெயர்தான் அப்படி நினைக்க வைக்கிறது. மொழியியலில் வரும் சொற்பொருளியல், ஒரு சொல்லுக்கு என்ன பொருள், அது எப்படி அமைகிறது என்று ஆராயும். இங்கே கேள்வி வேறு. அந்தச் சொல்லைக் கேட்டவருக்குள் என்ன நடக்கிறது? மேற்கொண்டு விசாரிக்கிறாரா, அல்லது அதோடு கதவைச் சாத்திவிடுகிறாரா?

இதை ஆரம்பிச்சது யாரு?

ஆல்ஃபிரட் கோர்சிப்ஸ்கி. 1879-இல் வார்சாவில் பிறந்தவர், படித்தது பொறியியல். முதல் உலகப் போரில் ரஷ்யப் படையில் இருந்து காயம்பட்டு, பிறகு வட அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். போரில் பார்த்தது அவரை விடவில்லை. பொறியியலில் ஒரு தலைமுறை கற்றதை அடுத்த தலைமுறை எடுத்துக்கொண்டு மேலே போகிறது. மனிதர்கள் சேர்ந்து வாழ்கிற விஷயத்தில் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப அதே பள்ளத்தில் விழுகிறோம்? 1921-இல் வந்த முதல் நூலில், முன்னோர் சேர்த்த அறிவைக் காலம் தாண்டிக் கடத்துவதுதான் மனிதரின் தனித்தன்மை என்றார். அதைக் கடத்தும் கருவி மொழி. கருவியில் பழுது இருந்தால்? அந்தக் கேள்விதான் 1933-இல் 'சயின்ஸ் அண்ட் சானிட்டி' என்ற பெரிய நூலானது. 1938-இல் சிகாகோவில் இதற்கென்று ஒரு நிறுவனம் தொடங்கினார். 1950-இல் இறந்தார்.

அந்த நூலைப் புதியவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. மிகவும் கரடுமுரடானது. இந்தக் கருத்துகள் பொதுமக்களிடம் போய்ச் சேர்ந்ததற்கு எஸ். ஐ. ஹயகாவா 1941-இல் எளிமையாக எழுதிய நூல் ஒரு முக்கியக் காரணம்.

'வரைபடம் நிலம் ஆகாது'ங்கிறாங்க. இது குழந்தைக்குக்கூடத் தெரியுமே, இதுல என்ன புதுசு?

காகிதத்தில் வரைந்த வரைபடம் என்றால் எல்லோருக்கும் தெரியும். சொல்லும் ஒரு வரைபடம்தான் என்பது தெரிந்தும் மறந்துபோகிறது. கோர்சிப்ஸ்கி இதை மூன்றாகச் சொன்னார். வரைபடம், அது காட்டும் நிலம் ஆகாது. எந்த வரைபடமும் நிலத்தை முழுதாகக் காட்டாது. மூன்றாவது, வரைபடத்தைப் பற்றியே இன்னொரு வரைபடம் போட முடியும், அதைப் பற்றி இன்னொன்றும் போடலாம். மூன்றாவதைக் கடைசிக் கேள்விக்கு வைத்துக்கொள்கிறேன்.

இதோடு அவர் சேர்த்துச் சொன்ன ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நிலத்தின் அமைப்பும் வரைபடத்தின் அமைப்பும் ஒத்துப்போவதால்தான் வரைபடம் பயன்படுகிறது. ரயில் வழித்தடப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தூரம் தப்பு, வளைவு தப்பு, நிறம் முழுக்கக் கற்பனை. ஆனால் எந்த நிலையத்துக்கு அடுத்து எது என்ற வரிசை சரி. அது போதும், போய்ச் சேர்ந்துவிடலாம். ஆகவே 'சொற்கள் எல்லாம் பொய்' என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த அளவுக்கு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும்.

நம் சொல் ஒன்றையே பாருங்கள். நாற்காலி என்றால் நான்கு கால் உடையது. ஒற்றைத் தண்டில் நின்று ஐந்து சக்கரத்தில் உருளுகிற இருக்கையையும் நாற்காலி என்றுதான் சொல்கிறோம், யாருக்கும் இடறவில்லை. சொல் தன் பாட்டுக்கு நிற்கிறது, பொருள் தன் பாட்டுக்கு மாறிவிட்டது. நாற்காலியில் இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. 'நல்ல குடும்பம்', 'வெற்றி', 'துரோகம்' போன்ற சொற்களில் இதே விலகல் நடக்கும்போது ஆட்கள் அடித்துக்கொள்கிறார்கள்.

சொல்லைப் பார்த்து ஏமாறுற அளவுக்கு நாம என்ன முட்டாளா? நிஜத்துல அப்படி நடக்குமா?

கோர்சிப்ஸ்கி பற்றி ஒரு கதை உண்டு. வகுப்பில் பிஸ்கட்டைப் பங்கிட்டுக் கொடுத்தாராம், எல்லோரும் ரசித்துச் சாப்பிட்டார்களாம். அப்புறம் மேலுறையைக் கிழித்து, அது நாய்களுக்கான பிஸ்கட் என்று காட்டினாராம். சிலர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்களாம். நாக்குக்குப் பிடித்திருந்தது, சொல்தான் குமட்டியது.

கதையை விட்டுவிட்டு ஆய்வுக்கு வருவோம். 1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படக்காட்சிகளைக் காட்டி, வண்டிகள் என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரே ஒரு வினைச்சொல்லை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றினார்கள். 'மோதி நொறுங்கியபோது' என்று கேட்கப்பட்டவர்கள் சொன்ன சராசரி வேகம் மணிக்கு 40.5 மைல். 'தொட்டபோது' என்று கேட்கப்பட்டவர்கள் சொன்னது 31.8 மைல். இன்னொரு சோதனையில் ஒரு வாரம் கழித்து, 'கண்ணாடி உடைந்து கிடந்ததைப் பார்த்தீர்களா' என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. 'நொறுங்கிய' என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். 'இடித்த' என்று கேட்டிருந்த 50 பேரில் 7 பேர்தான். இதில் யாரும் முட்டாள் இல்லை. சொல் உள்ளே போய் நினைவோடு கலந்துவிட்டது, அவ்வளவுதான்.

பார்த்ததையும் ஊகிச்சதையும் எப்படிப் பிரிக்கிறது? ரெண்டும் ஒண்ணாத்தானே வருது?

ஒன்றாகத்தான் வரும், அதனால்தான் பயிற்சி வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒரு படம் வைத்திருக்கிறேன். ஒருவர் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார், தலை குனிந்திருக்கிறது, வலது கையில் கைப்பேசி, பக்கத்தில் ஒரு பை. படத்தில் காண்பதை ஐந்து வரி எழுதுங்கள் என்பேன். 'ஏதோ கெட்ட செய்தி வந்திருக்கிறது', 'வேலை போய்விட்டது', 'யாரோ வருவார்கள் என்று காத்திருந்து ஏமாந்துவிட்டார்' என்றே பெரும்பாலும் வரும். காலணிக் கயிறு அவிழ்ந்திருப்பதை அபூர்வமாகத்தான் யாராவது எழுதுவார்கள். அவர் அதைப் பார்க்கத்தான் குனிந்திருக்கலாம்.

கண்ணில் பட்டது முதல் படி. அதைச் சொல்லில் விவரிப்பது அடுத்தது. அதிலிருந்து ஊகிப்பது அதற்கும் மேலே. நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்வது உச்சிப் படி. ஒவ்வொரு படியிலும் சில விவரங்கள் கழன்று விழுகின்றன. இதைத்தான் கோர்சிப்ஸ்கி 'அருவமாக்கல்' என்றார், காட்டுவதற்குத் துளையிட்ட பலகைகளைக் கயிற்றால் கோத்து ஒரு மாதிரியும் செய்தார். மேல் படிக்கு ஏறுவது தவறில்லை, ஏறாமல் வாழ முடியாது. உச்சியில் நின்றுகொண்டு தரையில் நிற்பதாக நம்புவதில்தான் சிக்கல்.

'அவன் சோம்பேறி'ன்னு சொல்றதுல என்ன தப்பு? உண்மையிலேயே சோம்பேறியா இருந்தா?

'அவன் சோம்பேறி' என்பதில் சோம்பல் அவனுக்குள்ளே, அவன் எலும்பைப் போல, எப்போதும் இருக்கிற ஒன்றாகிவிடுகிறது. நீங்கள் பார்த்தது என்ன? மூன்று நாள் தாமதமாக எழுந்தான், கொடுத்த வேலையை இரண்டு முறை தள்ளிப்போட்டான். அந்த இரண்டு வாக்கியங்களையும் வைத்துக்கொண்டால் அடுத்த கேள்வி தானாக வரும்: ஏன்? இரவு தூங்கினானா, உடம்பு சரியில்லையா, வேலை பிடிக்கவில்லையா? 'சோம்பேறி' என்று போட்டுவிட்டால் எந்தக் கேள்வியும் வராது, ஏனென்றால் காரணமும் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிட்ட மாதிரி இருக்கும். ஏன் வேலை செய்யவில்லை? சோம்பேறி. எப்படித் தெரியும்? வேலை செய்வதில்லையே. சுற்றிச் சுற்றி அங்கேயே நிற்போம்.

குழந்தைகள் விஷயத்தில் இதை நான் மிகவும் அழுத்திச் சொல்வேன். ஒரு முத்திரை அவர்கள் காதில் வருடக்கணக்கில் விழுந்துகொண்டே இருக்கும்.

ஆங்கிலத்துல 'இஸ்' என்ற சொல்தான் பிரச்சினைன்னு படிச்சேன். தமிழ்ல அது கிடையாதே, நமக்கு இது பொருந்துமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இரண்டு வேறு பொருள்களைச் சமமாக்கும் 'இஸ்' என்ற வினையைக் கோர்சிப்ஸ்கி கடுமையாகக் குறை சொன்னது உண்மை. அவரிடம் பயின்ற டேவிட் போர்லாண்ட் இன்னும் ஒரு படி போய், அந்த வினையின் எல்லா வடிவங்களையும் நீக்கிய ஆங்கிலம் ஒன்றை 1965-இல் முன்வைத்தார். 'இ-பிரைம்' என்று பெயர்.

தமிழில் 'அவன் சோம்பேறி' என்பதில் நீக்குவதற்கு வினையே இல்லை. இரண்டு பெயர்ச்சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, சமம் என்ற குறி காதுக்குக் கேட்காமலே விழுந்துவிடுகிறது. ரஷ்ய மொழியிலும் நிகழ்காலத்தில் இப்படித்தான். அங்கேயும் முத்திரை குத்துகிறார்கள், இங்கேயும் குத்துகிறோம். ஆகவே நோய் ஒரு குறிப்பிட்ட வினைச்சொல்லில் இல்லை, சமப்படுத்துகிற பழக்கத்தில் இருக்கிறது. கேட்காத குறியைப் பிடிப்பது கடினம் என்பதால் நமக்குக் கொஞ்சம் கூடுதல் கவனமே வேண்டும்.

ஆனால் நம் இலக்கணமே ஒரு நல்ல வழியும் தருகிறது. பெயர்ப் பயனிலையை வினைப் பயனிலையாக மாற்றிப் பாருங்கள். தமிழில் வினை காலம் காட்டும். 'பொய்யன்' என்பதற்குக் காலம் இல்லை. 'பொய் சொன்னான்' என்றதும் எப்போது, யாரிடம் என்று கேட்க இடம் வந்துவிடுகிறது. ஒரு எச்சரிக்கை: 'அவன் பொய்தான் சொல்வான்' என்று வழக்கத்தைக் குறிக்கும் எதிர்காலத்தில் போட்டால் பழைய முத்திரை வேறு சட்டையில் திரும்பி வந்துவிடும்.

மொழிதான் சிந்தனையைத் தீர்மானிக்குதா? மொழியில இல்லாததை நினைக்கவே முடியாதா?

இது பக்கத்து வீட்டுக் கேள்வி. எட்வர்ட் சபீர், பெஞ்சமின் லீ வோர்ஃப் என்ற இருவர் பெயரால் அறியப்படுகிற கருத்து. மொழி சிறைச்சாலை என்ற கடுமையான வடிவத்தை இன்று ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. சொல் தெரியாத கைக்குழந்தையும் சிந்திக்கிறது. நாமும் 'சொல்ல வருகிறது, சொல் வரவில்லை' என்று தவிக்கிறோமே, அந்த நேரத்தில் சிந்தனை இருக்கிறது, சொல்தான் இல்லை. மொழி சிந்தனையைச் சில பக்கங்களுக்குச் சாய்க்கிறது என்ற மென்மையான வடிவத்துக்குச் சான்றுகள் உண்டு.

வோர்ஃப் மொழியியலில் முழுநேரமாக இருந்தவர் இல்லை, தீக்காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அவர் எழுதிய ஒரு கவனிப்பு மறக்க முடியாதது. பெட்ரோல் நிரம்பிய பீப்பாய்களுக்கு அருகே ஆட்கள் ஜாக்கிரதையாக இருந்தார்கள். 'காலி' பீப்பாய்கள் என்றால் பக்கத்திலேயே புகைபிடித்தார்கள். காலிப் பீப்பாயில் ஆவி நிறைந்திருக்கும், வெடிக்கும் ஆபத்து அதில்தான் அதிகம். 'காலி' என்ற சொல் 'ஒன்றுமில்லை' என்று கேட்டது. நான்காவது கேள்வியில் சொன்ன வரைபடம், நிலம் இரண்டும் இங்கே அப்படியே இருக்கின்றன.

எஸ்கிமோக்களுக்குப் பனிக்கு நூறு சொல் இருக்காமே?

பெருகிப் பெருகி ஊதிய கதை. 1911-இல் மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் காட்டியது நான்கு வேர்ச்சொற்கள். அந்த மொழிகளில் வேரோடு ஒட்டுகள் சேர்ந்துகொண்டே போவதால் 'எத்தனை சொல்' என்ற எண்ணிக்கைக்கே அர்த்தமில்லை. 1986-இல் மானிடவியலாளர் லாரா மார்ட்டின் இந்தக் கதை எப்படி வாய்க்கு வாய் வளர்ந்தது என்று எழுதினார்.

சரி, அப்போ மொழி சிந்தனையைச் சாய்க்குதுன்னு நிரூபிச்ச ஆய்வு ஏதாவது இருக்கா?

ரஷ்ய மொழியில் வெளிர் நீலத்துக்கு 'கலுபோய்', அடர் நீலத்துக்கு 'சீனிய்' என்று தனித்தனி அடிப்படைச் சொற்கள். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு நீலங்கள் இந்த எல்லைக்கு இருபுறமும் விழும்போது ரஷ்ய மொழியினர் வேகமாக வேறுபடுத்தினார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் அந்த வேகம் இல்லை. அதே நேரத்தில் எண்களை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருக்கச் செய்ததும் ரஷ்யர்களின் அந்த வேகமும் போய்விட்டது. கண் மாறவில்லை, சொல் உள்ளே உதவிக்கொண்டிருந்தது.

அமேசான் பகுதியின் பிரஹா மொழியில் துல்லியமான எண்ணுப் பெயர்கள் இல்லை. பொருள்கள் கண்ணெதிரே இருக்கும்போது அவர்களால் ஒன்றுக்கு ஒன்று சரியாக ஈடுவைக்க முடிந்தது. மறைத்துவிட்டு நினைவிலிருந்து செய்யச் சொன்னால் எண்ணிக்கை பிசகியது என்று 2008-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். எண்ணுப் பெயர், நினைவில் வைத்துக்கொள்ள ஒரு கைப்பிடி. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பேசப்படும் கூகு இமிதிர் மொழியினர் மரபாக இடம் வலம் என்று சொல்லாமல் வடக்கு தெற்கு என்றே சொல்கிறவர்கள். பேச்சு ஒவ்வொரு நிமிடமும் கேட்பதால் திசையுணர்வு அவர்களிடம் எப்போதும் விழித்திருக்கிறது.

தமிழ் நம்மை எந்தப் பக்கம் சாய்க்குது?

ஆய்வு முடிவு என்று சொல்ல மாட்டேன், இலக்கணம் கேட்பதை மட்டும் சொல்கிறேன். நாம், நாங்கள் என்ற பிரிவால், எதிரில் இருப்பவர் நம்மோடு சேர்த்தியா இல்லையா என்று ஒவ்வொரு முறையும் தீர்மானித்தே வாய் திறக்கிறோம். 'எனக்குக் கோபம் வந்தது' என்கிறோம். கோபம் வந்த ஒன்றாக நிற்கிறது, வந்தது போகவும் கூடும். இதனால் தமிழர்களுக்குக் கோபம் சீக்கிரம் ஆறுகிறது என்று முடிவுகட்டினால் அது வெறும் ஊகம்.

எனக்குப் பெரிய கொடையாகத் தெரிவது '-ஆம்'. 'மழை பெய்தது' வேறு, 'மழை பெய்ததாம்' வேறு. ஒரே அசையில் 'நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன்' என்று சொல்லிவிடுகிறோம். மேலே பிஸ்கட் கதையை முழுக்க அப்படித்தான் எழுதியிருக்கிறேன். கைப்பேசியில் செய்தி பரப்பும்போது இந்த ஒரு அசையைக் கழற்றிவிட்டு அனுப்புகிறோம், வருத்தமாக இருக்கிறது.

தினமும் பழக என்ன செய்யணும்?

கோர்சிப்ஸ்கி சில எளிய உத்திகளைத் தந்தார். ஒன்று, எண் இடுவது: மருத்துவர்-1, மருத்துவர்-2 ஆகமாட்டார். ஒருவரிடம் பட்ட அனுபவத்தை மற்றவர் தலையில் கட்டாமலிருக்க இது உதவும். இரண்டு, ஆண்டு இடுவது: 2010-இல் இருந்த உங்கள் தம்பியும் இன்றைய தம்பியும் ஒருவரே இல்லை. மூன்று, 'முதலியன' என்று மனதில் சேர்ப்பது: எவ்வளவு சொன்னாலும் சொல்லாமல் விட்டது இருக்கும். இவற்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், உள்ளே ஓடினால் போதும்.

எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது தாமதம்தான். ஒருமுறை நெருங்கிய தோழிக்கு நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். பதில்: 'சரி.' ஒரே சொல், பக்கத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைப் பார்த்துப் பார்த்து அரை நாள் வெந்தேன். அலட்சியம், கோபம், இனி பேசமாட்டாள் என்று உச்சிப் படிவரை ஏறிவிட்டேன். மாலையில் அவளே கூப்பிட்டாள். காய்ச்சலில் இருந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கையால் தட்டியிருக்கிறாள். இப்போதெல்லாம் இப்படி ஒரு பதில் வந்தால், 'திரையில் இருப்பது இரண்டு எழுத்து' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன். மூச்சு இரண்டு இழுப்பதற்குள் இறுக்கம் குறைகிறது.

நல்ல சொல்லா மாத்திப் போட்டா நல்லா யோசிப்போமா?

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம். 1981-இல் டிவெர்ஸ்கி, கானிமன் என்ற உளவியலாளர்கள் இருவரும், 600 பேரைக் கொல்லும் என்று எதிர்பார்க்கப்படும் ஒரு கற்பனை நோய்க்கு இரண்டு திட்டங்கள் கொடுத்தார்கள். ஒன்றின் பலன் உறுதி, மற்றதன் பலன் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. '200 பேர் பிழைப்பார்கள்' என்று உறுதியான திட்டத்தை எழுதியபோது 72 சதவீதம் பேர் அதைத் தேர்ந்தார்கள். அதே திட்டத்தை '400 பேர் இறப்பார்கள்' என்று எழுதியபோது 22 சதவீதம். கணக்கு ஒன்றேதான். ஆகவே இனிப்பான சொல்லைத் தேடுவதைவிட, ஒரே விஷயத்தை இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது மேல்.

இதைப் போலி அறிவியல்னு சொல்றாங்களே?

சொல்கிறார்கள், சில இடங்களில் நியாயமும் இருக்கிறது. மார்ட்டின் கார்ட்னர் 1952-இல் போலி அறிவியல்களைப் பற்றி எழுதிய நூலில் இதற்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். சொல்பழக்கத்தைச் சீர்செய்தால் மனநோய்கள் வரை குணமாகலாம் என்கிற அளவுக்குக் கோர்சிப்ஸ்கி நம்பிக்கை வைத்தார். அதற்கு ஆதாரம் இல்லை.

இதைவிட வலிக்கிற உதாரணம் வெண்டல் ஜான்சன். இத்துறையின் முக்கிய எழுத்தாளர், தானே திக்குவாய் உள்ளவர். 'திக்குகிறாய்' என்று பெற்றோர் முத்திரை குத்துவதே திக்குவாயை உண்டாக்குகிறது என்று கருதினார். 1939-இல் அயோவாவில் அவர் மேற்பார்வையில் நடந்த ஆய்வில், ஆதரவற்ற குழந்தைகள் சிலரிடம் நன்றாகப் பேசியபோதும் 'உன் பேச்சில் குறை இருக்கிறது' என்று சொல்லப்பட்டது. குழந்தைகள் பேசவே கூசினார்கள். பல்கலைக்கழகம் 2001-இல் மன்னிப்புக் கேட்டது. திக்குவாயில் மரபணுவுக்கும் மூளை வளர்ச்சிக்கும் பங்கு உண்டு என்று இன்று தெரியும். முத்திரையைப் பற்றி எச்சரித்த துறையிலேயே, ஒரு கோட்பாட்டைச் சோதிக்கக் குழந்தைகள்மேல் முத்திரை குத்தினார்கள். இதை மறைத்துவிட்டு இத்துறையைக் கற்பிக்க எனக்கு மனம் வராது.

எல்லாம் வெறும் சொல்தான்னா, உண்மைன்னு ஒண்ணு கிடையாதா?

அப்படி யாரும் சொல்லவில்லை. நிலம் இருப்பதால்தான் வரைபடம் தப்பு என்று கண்டுபிடிக்க முடிகிறது. வோர்ஃப் சொன்ன பீப்பாய், அதை என்ன பெயரிட்டு அழைத்தாலும் வெடிக்கும்.

நீங்க எழுதினதும் சொற்கள்தானே? இதை மட்டும் எப்படி நம்புறது?

நம்ப வேண்டாம், சோதியுங்கள். மூன்றாவது கருத்து என்று தள்ளிவைத்தது இதுதான்: வரைபடத்தைப் பற்றிய வரைபடம். இந்தப் பக்கமும் அப்படி ஒன்று, இதற்கும் திருத்தம் உண்டு. அமெரிக்கப் பழங்குடியினர் பேசும் ஹோப்பி மொழியில் காலத்தைக் குறிக்கும் சொற்களே இல்லை என்ற வோர்ஃபின் கூற்றை நான் சில வருடங்கள் ஆர்வமாகச் சொல்லிவந்தேன். மொழியியலாளர் எக்கெஹார்ட் மலோட்கி 1983-இல் ஹோப்பி காலச்சொற்களையே 600 பக்கங்களுக்கு மேல் தொகுத்துக் காட்டியிருப்பது அப்புறம்தான் தெரிந்தது. முன்பு நான் சொல்லி அதைக் கேட்டவர்கள் இதைப் படித்தால், அந்த வரியை அடித்துவிடுங்கள். மற்றவர்கள், படிக்கட்டில் உட்கார்ந்தவர் மாதிரி ஒரு படத்தை எடுத்து ஐந்து வரி எழுதிப் பாருங்கள். எத்தனை வரி படத்தில் இருந்தது, எத்தனை உங்களிடமிருந்து வந்தது என்று எண்ணிவிட்டு வாருங்கள், பேசுவோம்.